ஸ்பார்ட்டகஸ்: திரைப்படமும் வரலாறும்

பண்டைய உலகின் அடிமைகள் தமது வரலாற்றைத் தாமே எழுதிவைத்தாரல்லர். அவர்களுடைய எழுச்சிகளைப் பற்றி நாம் அறிவன யாவும் ஆண்டோரின் உலகிலிருந்து எழுதப்பட்டவை. கி.மு. 73 முதல் 71 வரை இத்தாலியை நடுங்கவைத்த ஸ்பார்ட்டகஸ் கிளர்ச்சியும் இதற்கு விலக்கன்று. 1960ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸ்பார்ட்டகஸ்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தைச் சுவைக்க முற்படும் வரலாற்று மாணவர் இதனை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். ஏனெனில், சான்றுகள் மௌனம் சாதிக்கும் இடங்களிலேயே அத்திரைப்படம் தன் குரலை மிக உரத்து எழுப்புகின்றது. அக்குரல் யாருடையது, எக்காலத்துக்குரியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சான்றுகள் கூறுவன

கிளர்ச்சி நடந்த காலத்தில் வாழ்ந்த சல்லஸ்ட் எழுதிய வரலாறு இன்று சிதைந்த துணுக்குகளாகவே எஞ்சியுள்ளது. தொடர்ச்சியான விவரணத்தை நமக்குத் தருவோர் இருவர். ஒருவர் கிறாசஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய புளூட்டார்க். மற்றவர் உரோமரின் உள்நாட்டுப் போர்களை எழுதிய அப்பியன். இருவரும் நிகழ்ச்சிக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பிற்பட்டவர்கள். இவர்களது கூற்றுக்களை இணைத்து நோக்கும்போது கிடைக்கும் சித்திரம் பின்வருமாறு அமையும்.

கி.மு. 73இல், கப்புவா நகரில், கிளாடியேற்றர் எனப்படும் களப்போர் அடிமைகளைப் பழக்கிய கூடமொன்றிலிருந்து ஏறத்தாழ எழுபது பேர் தப்பினர். சமையற்கட்டுக் கத்திகளும் இறைச்சி வாட்டும் கம்பிகளுமே அவர்களது முதல் ஆயுதங்கள். திரேசியா நாட்டவனான ஸ்பார்ட்டகஸ் அவர்தம் தலைவருள் ஒருவன். வெசூவியஸ் மலையில் அவர்களை முற்றுகையிட்ட உரோமப் படை, இறங்குவதற்கு இருந்த ஒரே வழியைக் காவல் செய்தது. கிளர்ச்சியாளரோ காட்டுத் திராட்சைக் கொடிகளை ஏணியாகப் பின்னிச் செங்குத்துப் பாறை வழியே இறங்கி, எதிர்பாராத திசையிலிருந்து தாக்கி அப்படையை முறியடித்தனர். பண்ணை அடிமைகளும் இடையர்களும் திரண்டு வந்து சேர்ந்தனர். கி.மு. 72இல் இரு கொன்சல்களின் படைகளும் அவர்களிடம் தோற்றன. கிளர்ச்சிப் படை 120,000 பேரைக் கொண்டிருந்ததென்பது அப்பியன் கூற்று. இத்தொகை மிகைப்பட்டதாயிருத்தல் கூடும். அல்ப்ஸ் மலையை நோக்கி வடக்கே சென்றவர்கள் மீண்டும் தெற்கே திரும்பினர். சிசிலித் தீவுக்கு ஏற்றிச்செல்வதாக வாக்களித்த கடற்கொள்ளையர் அவர்களைக் கைவிட்டனர். கி.மு. 71இல் கிறாசஸின் படையிடம் அவர்கள் இறுதித் தோல்வி கண்டனர்.

சிறைப்பட்ட 6,000 பேர் கப்புவாவிலிருந்து உரோம் நகர் வரையான பெருஞ்சாலை நெடுகிலும் சிலுவையில் அறையப்பட்டனர். அச்சாலையின் நீளம் ஏறக்குறைய 195 கிலோமீற்றர். கணக்கிட்டுப் பார்ப்பின், முப்பது மீற்றருக்குச் சற்று மேற்பட்ட இடைவெளிக்கு ஒரு சிலுவை. இத்துணைப் பெரிய தண்டனைக் காட்சியை அமைத்த அரசு எவ்வளவு அஞ்சியிருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

இரு செய்திகள் ஈண்டுச் சிறப்பாகக் கவனிக்கத்தக்கன. முதலாவது, ஸ்பார்ட்டகஸ் போர்க்களத்திலேயே மடிந்தான். அவனது உடல் கண்டெடுக்கப்படவில்லை. இரண்டாவது, இப்பெருங்கூட்டத்தில் நமக்குப் பெயர் தெரிந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே: ஸ்பார்ட்டகஸ், கிறிக்சஸ், ஒயினோமாஸ், கானிக்கஸ், காஸ்டஸ் போன்ற தலைவர்கள் சிலர். சிலுவையில் மாண்ட ஆறாயிரவர் பெயரற்றவர்கள்.

திரை காட்டுவது

திரைப்படத்தின் மிகச் சிறந்த பகுதி கப்புவாப் பயிற்சிக் கூடத்தில் நிகழ்வதாகும். பயிற்றுவிப்பவன் ஸ்பார்ட்டகஸின் வெற்றுடம்பிலே வெவ்வேறு வர்ணங்களைப் பூசுகின்றான். எங்கே வெட்டினால் உடனே உயிர் போகும், எங்கே வெட்டினால் முடமாவான், எங்கே வெட்டினால் மெல்லச் சாவான் என்பதை மற்றையோர்க்குக் காட்டும் பாடம் அது. மனித உடல் ஒரு பொருளாக, கரும்பலகையாக மாற்றப்படுவதை இதனினும் சுருக்கமாகக் காட்டல் அரிது. உரோமிலிருந்து வந்த சீமாட்டியர் இருவர் தமது பொழுதுபோக்குக்காக யார் யாரோடு பொருதுவது எனத் தெரிவு செய்கின்றனர். தம் முறைக்காகக் காத்திருக்கும் இருவர் மரக்கூண்டினுள் ஒருவரையொருவர் பார்த்தவாறு அமர்ந்திருக்கின்றனர். வெளியே நிகழும் கொலை பலகை இடுக்கினூடாகவே அவர்களுக்கும் நமக்கும் தெரிகின்றது. மேலே பிரபுக்கள் அரசியற் பேச்சில் ஈடுபட்டுள்ளனர். கொலை அவர்தம் உரையாடலைக்கூடத் தடைசெய்வதில்லை. அடிமைச் சமுதாயத்தின் அமைப்பு முழுவதும் இக்காட்சியில் மேல் கீழாக வரையப்பட்டுவிடுகின்றது.

இறுதிப் போர்க் காட்சியும் இவ்வாறே சிந்தனைக்குரியது. தொலைவிலுள்ள சரிவுகளில் உரோமப் படையணிகள் சதுரம் சதுரமாக, அவசரமின்றி, ஓர் இயந்திரத்தின் உறுப்புக்கள் போல நகர்ந்து வருகின்றன. எதிரே நிற்பவர்களையோ கமெரா முகம் முகமாகக் காட்டுகின்றது. ஒருபுறம் ஒழுங்கு, மறுபுறம் மனிதர்.

வரலாற்றிலிருந்து இப்படம் விலகும் இடங்கள் பல. வாரீனியா என்ற மனைவியின் பெயரும், எதிரியைக் கொல்ல மறுத்து மேன்மாடத்திலிருக்கும் பிரபுக்கள்மீது பாயும் டிறாபா என்ற கறுப்பின வீரனும் கற்பனை. மக்கள் கட்சித் தலைவராக வரும் கிறாக்கஸும் கற்பனையே. அப்பெயரால் புகழ்பெற்ற சகோதரர் இருவரும் கி.மு. 133இலும் 121இலும் கொல்லப்பட்டுவிட்டனர். சிறைப்பட்ட பிரபுக்கள் இருவரைத் தம்முள் பொருதுமாறு அடிமைகள் வற்புறுத்தும்போது ஸ்பார்ட்டகஸ் அதனைத் தடுத்து நிறுத்துவதாகப் படம் காட்டுகின்றது. புளோரஸ் என்னும் உரோம ஆசிரியரோ, வீழ்ந்த தன் தலைவர்களின் ஈமச்சடங்கில் உரோமக் கைதிகளைப் பொருதுமாறு ஸ்பார்ட்டகஸ் கட்டளையிட்டதாக எழுதுகின்றார். அடிமை முறை முழுவதையுமே ஒழிக்க அவன் எண்ணினான் என்பதற்கும் பண்டைச் சான்றுகளில் ஆதாரமில்லை.

எல்லாவற்றினும் பெரிய விலகல் முடிவில் உள்ளது. தோல்வியுற்ற அடிமைகளின் முன் கிறாசஸின் ஆணை அறிவிக்கப்படுகின்றது: ஸ்பார்ட்டகஸ் இன்னானென்று அடையாளங் காட்டின் ஏனையோர் சிலுவையிலிருந்து தப்பலாம். அவன் எழ முற்படும் கணத்திலேயே அருகிலிருந்தவன் எழுந்து தானே ஸ்பார்ட்டகஸ் என்கின்றான். பிறகு இன்னொருவன், பிறகு மலைச்சாரல் முழுவதும். இந்நிகழ்ச்சி எந்த வரலாற்று நூலிலும் இல்லை. ஆயின், இது எங்கிருந்து வந்தது?

எழுதியோரின் காலம்

இப்படத்தின் மூலம் ஹவார்ட் பாஸ்ட் 1951இல் வெளியிட்ட நாவலாகும். ஸ்பெயினில் பிராங்கோவிடம் தோற்று அகதிகளானோர்க்கு உதவிய சபையொன்றின் பதிவேடுகளை அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணைக் குழுவிடம் கையளிக்க மறுத்தமைக்காக அவர் 1950இல் சிறை சென்றார். அப்பதிவேடுகளில் உதவியோரின் பெயர்கள் இருந்தன. வெளியீட்டாளர்கள் அச்சிட மறுத்தமையால் நாவலை அவர் தாமே வெளியிட நேர்ந்தது. திரைக்கதை எழுதிய டோல்டன் ட்றம்போ 1947இல் அதே குழுவின் வினாக்களுக்கு விடையளிக்க மறுத்த பதின்மருள் ஒருவர். அவரும் 1950இல் சிறை புகுந்தார். பின்னர் கறுப்புப் பட்டியலில் இடம்பெற்றமையால் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பிறர் பெயரிலும் புனைபெயரிலுமே எழுதினார். அவ்வாறு எழுதிய படங்கள் இரண்டுக்கு ஒஸ்கார் பரிசு கிடைத்தபோதும் அவரால் அதனைப் பெற இயலவில்லை.

1960 ஜனவரியில் ஒட்டோ பிறெமிங்கர் தமது ‘எக்சோடஸ்’ படத்தில் ட்றம்போவின் பெயரை இடப்போவதாக அறிவித்தார். தயாரிப்பாளரும் கதாநாயகருமான கேர்க் டக்ளஸ் ‘ஸ்பார்ட்டகஸ்’ படத்திலும் அப்பெயரை வெளிப்படையாக இடச் செய்தார். தடையை உடைத்த பெருமை யாருக்குரியது என்பது பிற்காலத்தில் வாதத்துக்குரியதாயிற்று. எனினும் இரு படங்களும் வெளிவந்தபின் கறுப்புப் பட்டியல் தன் வலிமையை இழக்கத் தொடங்கியது என்பதில் ஐயமில்லை. அமெரிக்க முன்னாள் படையினர் சங்கத்தின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாது ஜனாதிபதி கெனடி 1961இன் தொடக்கத்தில் இப்படத்தைப் பார்த்தார்.

இப்பின்னணியில் அம்மலைச்சாரற் காட்சியை மீண்டும் நோக்கின் அதன் பொருள் புலனாகும். அது கி.மு. 71இன் நிகழ்ச்சியன்று, பெயர் சொல்ல மறுத்துச் சிறை சென்றோரின் அனுபவம். படத்தின் இறுதிப் பகுதியில் அரசுக்கு விசுவாசமற்றோரின் பட்டியல் தயாராகிவிட்டதெனக் கிறாசஸ் கூறுவதும் இதனோடு இயைவதே. வியப்பு யாதெனில், பட்டியல் என்பது உரோமுக்கும் புதிதன்று. கி.மு. 82இல் சுல்லா தன் எதிரிகளின் பெயர்ப் பட்டியல்களைப் பொதுவிடத்தில் வெளியிட்டு அவர்களைக் கொல்வித்தான். அவ்வாறு பறிமுதலான சொத்துக்களை மலிவாக வாங்கிச் செல்வம் குவித்தோருள் முதன்மையானவன் கிறாசஸ். தம் காலத்தை எழுத முயன்ற ஆசிரியர், பத்தாண்டு பிழையுடன், உரோமின் உண்மையொன்றையும் தொட்டுவிட்டார்.

மதிப்பீடு

படத்தின் குறைகளை மறைத்தல் தகாது. கிறிஸ்தவத்தின் வருகை உரோமின் கொடுங்கோன்மையை வீழ்த்தும் என்னும் பொருள்படத் தொடக்கவுரை பேசுகின்றது. ஆனால், கிறிஸ்தவப் பேரரசர் காலத்திலும் அடிமை முறை நிலைத்திருந்தது. இரண்டாண்டுகள் உரோமப் படைகளை அடுத்தடுத்து வென்ற இயக்கத்தைப் பற்றிய படத்தில் விரிவாகக் காட்டப்படும் போர் இறுதித் தோல்வி ஒன்றேயாகும். அடிமைகளின் துயரம் காட்டப்படும் அளவுக்கு அவர்களது ஆற்றல் காட்டப்படவில்லை. நெறியாளர் ஸ்டான்லி குப்றிக், முதல் நெறியாளர் அந்தனி மான் விலக்கப்பட்டபின் இடையில் வந்து சேர்ந்தவர். முழு அதிகாரம் தமக்கிருக்கவில்லை என்று பிற்காலத்தில் இப்படத்திலிருந்து விலகியே நின்றார். உரோமப் படையாகத் திரையில் அணிவகுத்தோர் ஸ்பானிய இராணுவத்தினர் ஏறத்தாழ 8,000 பேர். பிராங்கோவிடமிருந்து தப்பியோர்க்கு உதவியவர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்தவரின் கதைக்குப் பிராங்கோவின் படையே வேடந்தரித்தது.

ஆயினும், வரலாற்றுப் படமொன்றை அதன் பிழைகளைப் பட்டியலிட்டு ஒதுக்கிவிடுதல் எளிது. அது எந்த இடைவெளியில் தன் கற்பனையை வைக்கின்றது என வினவுதலே பயனுடைய ஆய்வாகும். ஸ்பார்ட்டகஸின் உடல் கண்டெடுக்கப்படவில்லை என்ற அப்பியனின் சிறு குறிப்பே அவ்விடைவெளி. இறந்தவன் யாரென அடையாளங் காட்ட இயலாது போன களத்தில், உயிரோடிருப்போர் அனைவரும் அவனே எனப் படம் சொல்கின்றது. பெருஞ்சாலை நெடுகிலும் மாண்ட ஆறாயிரவருக்கு வரலாறு ஒரு பெயரையும் விட்டுவைக்கவில்லை. அவர்கள் அனைவருக்கும் பொதுவாக ஒரு பெயரை இத்திரைப்படம் வழங்கியது. சான்றுகளை மீறிய செயலாயினும், சான்றுகளை எழுதியோர் செய்யாது விட்ட நீதி அது.