சேணமும் கடிவாளமும்: காயல் துறைமுகம் நமக்குச் சொல்லும் பாடம்

தமிழக முஸ்லிம்களின் வரலாற்றைப் பேசும்போது, காயல் துறைமுகத்தில் வந்திறங்கிய அரபுக் குதிரைகளை நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். 'ராவுத்தர்' என்ற பெயரே குதிரை வீரர் என்னும் பொருளுடையது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தப் பெருமையில் தவறில்லை. ஆயினும், வந்திறங்கிய குதிரைகளின் கதி என்னவாயிற்று என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. அக்கேள்விக்கான விடை, சேணம், கடிவாளம், அங்கவடி, லாடம் என்னும் எளிய பொருட்களில் அடங்கியிருக்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், பாண்டிய மன்னன் மாறவர்மன் குலசேகரனின் காலத்தில், தாமிரபரணிக் கழிமுகத்தை ஒட்டிய காயல் மிகப்பெரும் வணிகத் துறையாக விளங்கியது. பாரசீக வளைகுடாவில் கீஷ் தீவிலிருந்து வணிகம் நடத்திய மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன், ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பட்டிருந்தார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார். வழியில் இறந்துபோகும் குதிரைக்கும் அரச கருவூலமே விலை கொடுக்கும் என்பது நிபந்தனை. ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான், பாண்டிய அரசில் அமைச்சராக இருந்து துறைமுகங்களை நிர்வகித்தார்.

இவ்வளவு பொருள் கொடுத்து வாங்கிய குதிரைகள் எப்படி நடத்தப்பட்டன? அவற்றை நாற்பது நாள் லாயத்தில் கயிறும் முளையும் கொண்டு கட்டிவைத்து, வறுத்த வாற்கோதுமையையும் நெய்யில் சமைத்த தீனியையும் கொடுத்துக் கொழுக்க வைத்தனர். பின்னர்ப் பயிற்சியின்றி, அங்கவடி முதலிய சவாரிக் கருவிகளும் இன்றி ஏறி விரட்டினர். சிறிது காலத்திலேயே வலிமை மிக்க குதிரைகளும் சோர்ந்து பயனற்றுப் போயின என்று வஸ்ஸாஃப் குறிப்பிடுகிறார். ஏறத்தாழ அதே காலத்தில் இக்கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோவும், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வாங்கப்பட்டும் ஆண்டு முடிவில் மிகச் சிலவே எஞ்சின என்கிறார். அவர் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறார்: குதிரை மருத்துவமும் லாட வேலையும் அறிந்தவர்கள் இந்நாட்டுக்கு வந்து சேராதபடி வணிகர்களே தடுத்தார்களாம். குதிரைகள் இறந்தால்தானே அடுத்த ஆண்டும் விற்பனை நடக்கும்!

இந்நாட்டின் வெப்பமும் தீவனமும் அக்குதிரைகளுக்கு ஒவ்வாதிருந்தன என்பதையும் நாம் மறக்கலாகாது. பயணியின் கூற்றை ஒரு சமூகம் முழுவதற்குமான தீர்ப்பாகக் கொள்வதும் நீதியன்று. ஆயினும் அக்குற்றச்சாட்டு நம்மை உறுத்த வேண்டும். ஏனெனில், குதிரையைப் பேணும் கலை அன்றைய முஸ்லிம் உலகில் மிக உயர்ந்த நிலையில் இருந்தது. குதிரை கப்பலேறி வந்தது. அதைப் பேணும் அறிவு போதிய அளவில் உடன் வரவில்லை.

அந்த அறிவின் வேர் நபிவழியிலேயே இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் குதிரையின் முகத்தைத் துடைத்துவிட்டதையும், அவற்றின் விஷயத்தில் தாம் கண்டிக்கப்பட்டதாகக் கூறியதையும் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் காண்கிறோம். மதீனாவில் அவர்கள் நடத்திய பந்தயத்தில், பயிற்றுவித்து உடல் இறுகிய குதிரைகளுக்கு நெடுந்தொலைவும், பயிற்சி பெறாதவற்றுக்குக் குறுந்தொலைவும் வகுத்தார்கள். உயிரின் வலிமைக்கேற்பவே அதனிடம் வேலை வாங்க வேண்டும் என்பதன்றோ இதன் பொருள்! குதிரைகளின் கழுத்தில் வில்நாணைக் கட்டுவதையும் அவர்கள் தடுத்தார்கள். கண்ணேறு பற்றிய மூடநம்பிக்கையை அகற்றவே இத்தடை என்று இமாம் மாலிக் (ரஹ்) விளங்கினார்கள். ஓடும்போது அது கழுத்தை நெரித்துவிடும் என்பதே காரணம் என்று வேறு அறிஞர்கள் கூறினர். எப்படியாயினும், விலங்கின் உடலில் நாம் எதைக் கட்டுகிறோம் என்பதும் மார்க்கத்தின் பார்வைக்கு உட்பட்டதே.

பின்வந்தோர் இவ்வழியில் தொடர்ந்தனர். மரத்தாலான அங்கவடிகள் போரில் முறிந்துபோவதைக் கண்ட உமையாக்கள் காலத் தளபதி முஹல்லப் இப்னு அபீ ஸுஃப்ரா, அவற்றை இரும்பில் செய்வித்தார் என்று அரபு நூல்கள் கூறுகின்றன. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதின் இப்னு அகீ ஹிஸாம், குதிரையேற்றமும் குதிரை மருத்துவமும் பற்றி நூல் எழுதினார். எகிப்தின் சுல்தான் நாஸிர் முஹம்மதின் காலத்தில் அபூபக்ர் அல்பைதார் இத்துறையில் பெருநூல் ஒன்றை இயற்றினார். மம்லூக் அரண்மனையில் சேணங்களையும் கடிவாளங்களையும் பாதுகாக்க 'ரிகாப்கானா' என்ற தனிக்கூடமே இருந்தது. கெய்ரோவில் கடிவாளம் செய்வோருக்கெனத் தனிக் கடைவீதி இருந்ததை மக்ரீஸி பதிவு செய்துள்ளார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஷைஸரி, சந்தைக் கண்காணிப்பாளருக்காக எழுதிய நூலில் லாடம் அடிப்பவருக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். குளம்பை முதலில் உற்று நோக்கிச் சமன் செய்த பிறகே லாடம் அடிக்க வேண்டும். தொழிலாளியின் அறியாமையால் விலங்குக்குக் கேடு நேர்ந்தால் அவரே ஈடு செய்ய வேண்டும்.

இவ்வளவு கவனம் ஏன் தேவைப்படுகிறது? குதிரையின் முதுகெலும்பு எடை தாங்குவதற்கு உரியதன்று. எனவே, நல்ல சேணத்தின் சட்டம் நடு முதுகைத் தொடாமல், இருபுறத் தசைகளின் மீது எடையைப் பகிர்ந்து வைக்கும். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டுக்கும் சேணத்துக்கும் இடையே, சவாரியாளர் அமர்ந்த பின்னும் இரண்டு மூன்று விரல்கள் நுழைய வேண்டும். சேணம் குறுகினால் தசையைக் கிள்ளும். அகன்றால் முதுகெலும்பின் மீது இறங்கும். பின்புறம் நீண்டால் விலா தாங்காத இடுப்பில் எடை விழும். கீழே விரிக்கும் கம்பளியில் மடிப்போ முள்ளோ இருந்தால், சில நாழிகையில் தோல் புண்ணாகும். வயிற்று வாரை ஒரேயடியாக இறுக்காமல், சிறிது நடத்திச் சென்று படிப்படியாக இறுக்குவதே முறை. கடிவாள இரும்பு, முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லாத ஈறின் மீது தங்குகிறது. அவ்விடம் மிக மென்மையானது. ஆதலால், கடிவாளத்தை இழுக்கும் கை கடுமையாயின் வாய் காயப்படும்.

சவாரி முடிந்த பின்னரும் கடமை முடிவதில்லை. வியர்வையின் உப்புக் காய்ந்தால் தோல் வார் விறைத்து, வெடித்து, விலங்கின் உடலை அறுக்கும். ஈரத் துணியால் துடைத்து, வெயிலில் இடாமல் நிழலில் உலர்த்தி, எண்ணெயோ கொழுப்போ தடவி மென்மை காக்க வேண்டும். தையல் விட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். அறுந்த வாரினால் மனித உயிரும் போகும்.

வாகனத்தில் ஏறும்போது, இதை நமக்கு வசப்படுத்தித் தந்தவனைத் துதிக்குமாறு அல்குர்ஆனின் 43ஆம் அத்தியாயம் கற்பிக்கிறது. நம்மால் இதை அடக்கியிருக்க இயலாது என்ற ஒப்புதலும், நாம் இறைவனிடம் திரும்பிச் செல்பவர்கள் என்ற நினைவும் அத்துதியில் சேர்ந்தே வருகின்றன. வசப்படுத்தப்பட்டது அமானிதம், அமானிதத்துக்குக் கணக்கு உண்டு. 220 தீனார் கொடுத்தவருக்கும் உண்டு, 220 தீனார் பெற்றவருக்கும் உண்டு.

இன்று நம் வீடுகளில் குதிரை இல்லை. ஆயினும் விடுமுறை நாட்களில் உதகையிலும் கொடைக்கானலிலும் மெரினா கடற்கரையிலும் நம் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றி மகிழ்கிறோம். ஏற்றுவதற்கு முன் ஒரு கணம் நின்று பாருங்கள். சேணத்தின் ஓரத்தில் புண் தெரிகிறதா? வாயோரம் கிழிந்திருக்கிறதா? நடையில் நொண்டல் உண்டா? இருந்தால் ஏற்றாதீர்கள். ஏன் ஏற்றவில்லை என்பதைக் குதிரைக்காரரிடம் கனிவாகவும், பிள்ளையிடம் தெளிவாகவும் சொல்லுங்கள். அவருடைய பிழைப்பும் அந்தக் குதிரையின் முதுகில்தான் இருக்கிறது. புண் ஆறினால் அவருக்கும் நன்மையே. வாகனத் துஆவைப் பிள்ளைகளுக்கு மனனம் செய்விக்கும் நாம், அதன் பொருளையும் அங்கேயே கற்பித்தவர்களாவோம்.

வாயில்லா உயிர்களிடம் இரக்கமும், கைவசம் உள்ளவற்றில் பொறுப்பும் கொண்டவர்களாக வல்ல அல்லாஹ் நம்மையும் நம் சந்ததியினரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.