காப்புறுதிப் பத்திரத்தில் ஒரு பெயர்: நியமன உரிமையின் வரலாறு

முன்னுரை

ஆயுள் காப்புறுதி எடுப்பவர், தம் மறைவுக்குப் பின் பணம் பெறவேண்டியவரின் பெயரைப் படிவத்தில் எழுதுகிறார். அவரைப் பேச்சு வழக்கில் 'வாரிசு' என்கிறோம். சட்டத்திலோ அவர் பணத்துக்கு உரிமையாளராகவும் இருக்கலாம். பெற்றதைப் பிறருக்குப் பங்கிடும் கடமை மட்டுமே உடையவராகவும் இருக்கலாம். இவ்விரு நிலைகளும் தோன்றிய வரலாற்றையும், எழுதிய பெயரை மாற்றும் உரிமையையும் இக்கட்டுரையில் காண்போம்.

இங்கிலாந்தும் சென்னையும்

கணவன் இறந்தபின் அவன் கடன்காரர்கள் காப்புறுதிப் பணத்தையும் எடுத்துக்கொள்ளும் நிலையை மாற்ற முனைந்தது, இங்கிலாந்தின் மணமான பெண்கள் சொத்துச் சட்டம். 1870ஆம் ஆண்டுச் சட்டமும் அதனை விரிவாக்கிய 1882ஆம் ஆண்டுச் சட்டமும், மனைவி மக்களின் நன்மைக்கென எடுத்த பத்திரத்தை அவர்களுக்கான பொறுப்புச் சொத்தாக்கின. அது கணவனின் உடைமைத் தொகுதியில் சேராது.

இந்தியாவில் 1874ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இதே பாதுகாப்பை அளித்தது. ஆயினும் அது இந்துக்களுக்கும் இசுலாமியர்க்கும் பொருந்துமா என்னும் ஐயம் நீடித்தது. பொருந்தும் என்பதே சென்னை உயர்நீதிமன்றத்தின் நிலைப்பாடு. 1923ஆம் ஆண்டுத் திருத்தம் ஐயத்தைத் தீர்த்தபோது, சென்னையில் 31.12.1913க்குப் பின் எடுத்த பத்திரங்களுக்கும், பிற பகுதிகளில் 1.4.1923க்குப் பின் எடுத்தவற்றுக்கும் பாதுகாப்பு உண்டு என வகுத்தது. இவ்வகையில் தமிழ்ப் பெண்கள் ஏறத்தாழ ஒன்பதாண்டுகள் முன்னதாகவே இவ்வுரிமையைப் பெற்றனர் எனலாம்.

வெறுமனே பெயர் குறிப்பதோ வேறு. 1938ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டத்தின்படி நியமிக்கப்பட்டவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே அன்றி உரிமையாளர் அல்லர் என்று இந்திய உச்சநீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்தது. 2015ஆம் ஆண்டுத் திருத்தமே பெற்றோர், துணைவர், பிள்ளைகள் ஆகியோரைப் பயனுரிமை உடையவராக்கியது.

மலேசியாவும் சிங்கப்பூரும்

மலேசியாவில் 1956ஆம் ஆண்டுக் குடியியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு ஆங்கிலேய நெறியைப் பின்பற்றியது. பின்னர் 1996ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டமும், தற்போது 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் பத்தாம் அட்டவணையும் இதனை நெறிப்படுத்தின. இசுலாமியர் அல்லாதார் துணைவரையோ பிள்ளையையோ நியமித்தால் பொறுப்புச் சொத்து உருவாகும். நியமிக்கும்போது இவ்விருவரும் இல்லையெனில் பெற்றோரை நியமித்தாலும் அவ்வாறே. உடன்பிறந்தாரை நியமித்தாலோ, அவர் பங்கிட்டுக் கொடுக்கும் கடமையாளர் மட்டுமே. இசுலாமியரின் காப்புறுதியில் நியமிக்கப்பட்டவரும் இசுலாமியச் சட்டப்படி பங்கிடும் கடமையுடையவரே.

சிங்கப்பூரில், முன்பு மனைவி மக்களின் பெயரை எழுதியதுமே, எடுத்தவர் அறியாமலும், பொறுப்புச் சொத்து உருவாகிவிடும். மணமுறிவுக்குப் பின் பெயரை மாற்ற முயன்றவர்க்கு முன்னாள் துணைவரின் இசைவு தேவைப்பட்டது. 1.9.2009 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இரு வழிகளைத் தெளிவாகப் பிரித்தது. முதலாவது, துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமான பொறுப்பு நியமனம். இதனை எடுத்தவர் தாமே நீக்க இயலாது. இரண்டாவது, எவரையும் நியமித்து, விரும்பும்போது மாற்றத்தக்க நியமனம். அதற்கு முன் எடுத்த பத்திரங்களுக்குப் பழைய விதியே தொடர்கிறது.

முடிவுரை

பாதுகாப்பும் நெகிழ்ச்சியும் ஒன்றோடொன்று முரண்படுபவை என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை. கடன்காரரிடமிருந்து மனைவியைக் காத்த அதே பூட்டு, மணம் முறிந்த பின்னும் திறவாமல் நிற்கிறது. பூட்டைத் தளர்த்தினாலோ, அவளுக்குத் தெரியாமலே அவள் பெயர் நீங்கக்கூடும்.

இவ்வேறுபாடுகள் அனைத்தையும் 'வாரிசு' என்னும் ஒரே சொல்லால் சுட்டும் வழக்கம் குடும்பங்களில் மனத்தாங்கலுக்கு வழிவகுக்கிறது. வாரிசு, நியமனதாரர், பயன்பெறுநர் என்னும் மூன்று சொற்களையும் பொருள் வேறுபடுத்திக் கற்பிப்பது தமிழாசிரியர் ஆற்றத்தக்க பணியாகும். படிவத்தில் எழுதிய பெயர் யாருக்கு எந்த உரிமையைத் தருகிறது என்பதை எழுதும்போதே அறிந்திருத்தல், பின்னால் வரும் வழக்குகளைத் தவிர்க்கும்.