கூத்துக்கு ஊர் எது? விழுப்புரம் வட்டாரப் பாரதக் கூத்தும் பயிற்சிப் பட்டறையும்

விழுப்புரம், செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பங்குனி தொடங்கி ஆடி வரை பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, நிறைவில் படுகளமும் தீமிதியும். செஞ்சியை அடுத்த மேலச்சேரிக் கோயிலை அம்மனின் மூலத்தலமாகக் கொள்ளும் மரபை ஆல்ஃப் ஹில்ட்பைட்டல் 1988இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். அவருக்குப் பின் கூத்தைப் பற்றிப் பேசியவர்கள் பலரிடம் ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. கோயில் களத்தில் ஆடுவதுதான் கூத்து. கல்லூரி அரங்கிலும் பட்டறையிலும் நடப்பது வெறும் நகல் என்பதே அது. இதில் பாதிதான் சரி.

சரியான பாதியை முதலில் பார்ப்போம். இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் வேடக்காரர் நின்று பாடுகிறார். திரைக்கு மேலே கிரீடத்தின் கண்ணாடிச் சில்லுகள் மின்னுகின்றன; சலங்கை கேட்கிறது; முகம் தெரியவில்லை. முகவீணை ஏறி நிற்கும் இடத்தில் திரை விலக, கிறுகி சுற்றி வருபவரைக் கட்டியக்காரன் யார், எவர் என்று விசாரிக்கிறான். இரண்டு நாள் பட்டறையில் அடவும் வரும், கிறுகியும் ஓரளவு வரும். விடிய விடியப் பாடியும் உடையாத தொண்டை வராது. படுகளத்தைப் பட்டறைக்குள் கொண்டுவரவே முடியாது. மண்ணில் மல்லாந்து கிடக்கும் துரியோதனன் உருவத்தின் தொடையைப் பீமன் பிளக்க, திரௌபதி கூந்தல் முடிவது பயிற்சிக்குரிய காட்சியல்ல. பார்க்க வந்தவர்களுக்கு அது வேண்டுதல்.

ஆனால் கோயில் என்றால் யாருடைய கோயில்? விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் சென்ற பட்டியல் சாதியினர் 2023 ஏப்ரலில் தடுத்துத் தாக்கப்பட்டனர். ஜூனில் கோயிலுக்குச் சீல் வைக்கப்பட்டது. உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மார்ச்சில் பூசைக்காகத் திறந்தார்கள். 2025 ஏப்ரலில்தான் போலீஸ் பாதுகாப்போடு பட்டியல் சாதியினர் உள்ளே போய் வழிபட்டனர். கூத்தின் உயிர் ஊரோடு பிணைந்த களத்தில் இருக்கிறது என்று எழுதும் ஆய்வாளர், அந்த ஊருக்குள் காலனி உண்டா என்று கேட்காமல் எழுதினால், வரிகொடுக்கும் வீடுகளின் கணக்கைச் சமூகம் என்று பெயர் மாற்றி எழுதுகிறார். இப்படிப்பட்ட இடங்களில் பட்டறையின் திறந்த கதவை நகல் என்று ஒதுக்குவது எளிதல்ல.

களத்துக்கும் பட்டறைக்கும் இடையே கோடு எங்கே என்று யோசிக்க, வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் பவ்வவ் என்னும் நடனக் கூடல் உதவும். அங்கு நடனத்தின் மேலேயே தடை இருந்தது: அமெரிக்க அரசு 1883இல் விதி போட்டது, கனடா தன் சட்டத்திலிருந்த சடங்குத் தடையை 1951இல்தான் கைவிட்டது. இன்றைய பவ்வவ் பல இனக்குழுக்கள் கலந்து உருவாக்கிய பொது வடிவம். புதியது என்பதற்காக அதைப் போலி என்று யாரும் தள்ளுவதில்லை. அறிவிப்பாளர் அழைக்கும் சில சுற்றுகளில் வந்திருப்பவர் எவரும் களத்தில் இறங்கி ஆடலாம். ஆனால் ஆடுபவரின் உடையிலிருந்து கழுகிறகு ஒன்று கீழே விழுந்துவிட்டால் ஆட்டம் நிற்கும், கேமராக்கள் இறங்கும். அதை எடுக்கும் உரிமை உடையவர்கள் வந்து எடுத்த பிறகே மறுபடி முரசு ஒலிக்கும். சூரிய நடனம் போன்ற சடங்குகள் பவ்வவுக்கு வருவதே இல்லை. எது பொது, எது பொதுவல்ல என்ற கோட்டை மரபுக்குரியவர்களே போடுகிறார்கள். பார்வையாளரோ நிதி தருபவரோ போடுவதில்லை.

கூத்திலும் இந்தக் கோட்டை வாத்தியார்களே நகர்த்தியிருக்கிறார்கள். பெருங்கட்டூர் ராஜகோபால் 2002இல் காஞ்சிபுரத்தை அடுத்து நடத்தத் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் குழந்தைகளுக்கும் வேடம் கட்டக் கற்றுக்கொடுத்தார். ஆண்களே பெண்வேடமும் கட்டிவந்த மரபில் இது சின்ன மாற்றமல்ல. புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் சென்னைக் கூத்துப்பட்டறை நடிகர்களுக்குப் பயிற்சி அளித்ததால் புரிசைக் களம் வற்றிவிடவும் இல்லை. இரண்டு இடத்திலும் எதைக் கொடுப்பது என்ற முடிவு குருவிடம் இருந்தது.

பவ்வவ் பூர்வகுடிகளுடையது; பழங்குடி என்றால் திண்டிவனத்தில் உடனே நினைவுக்கு வருபவர்கள் இருளர்கள். பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இயங்கும் ஊர் அது. அவர்கள் மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள். சேலைகளால் கூடாரம் கட்டி, மணலில் ஏழு படி அமைத்துக் கன்னியம்மனை வழிபட்டு, கல்யாணமும் முடிக்கிறார்கள். பிரிந்து கிடக்கும் குடும்பங்கள் சேரும் வகையில் இதுவே பவ்வவுக்கு மிக அருகில் நிற்பது. ஆனால் அருள் வந்து ஆடுவதை எந்தப் பட்டறையும் கேட்டு வாங்கக் கூடாது. மாசி மகத்தைச் சுற்றுலா நிகழ்ச்சியாக்கும் ஆசை எனக்கு உவப்பானதல்ல.

ஆகவே விழுப்புரம், திண்டிவனம் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கூத்துப் பட்டறை நடத்துங்கள், தாராளமாக நடத்துங்கள். பாடத்திட்டத்தை நீங்கள் எழுதி வாத்தியாரிடம் நீட்டாதீர்கள்; எதைக் கற்றுத்தருவது என்று அவர் சொல்லட்டும். கோயிலில் கொடுப்பது போல முறைப்படி தாம்பூலம் வைத்து, ஓர் இரவுக் கூத்துக்கு உரிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். நிறைவு நாள் ஆட்டத்தைக் குளிரூட்டிய அரங்கில் வைக்காமல், ஊர்க்காரரும் காலனிக்காரரும் ஒரே தரையில் உட்காரக்கூடிய பொது இடத்தில் வையுங்கள்.