காட்டுப்பாதை இரவு விளக்குகள்

மலைமிதிவண்டியில் இருட்டிய காட்டுத் தடங்களில் விரைந்து செல்லப் பயன்படும் விளக்குகள். 1992இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நடந்த 24 மணி நேரப் போட்டிக்குப் பின் இவற்றின் தேவை பெருகியது.

மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் கடக்கிறது. எனவே வேரோ பாறையோ தடுக்குமுன் கண்ணில் பட, வெளிச்சம் தொலைவுக்கு எட்ட வேண்டும். எட்டும் தொலைவை இரட்டிக்க, நடுக்கற்றையின் செறிவு நான்கு மடங்காக வேண்டும். எனவே மொத்த ஒளியளவைக் குறிக்கும் லூமென் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது சரியன்று.

தலைக்கவச விளக்கு பார்வை திரும்பும் பக்கமெல்லாம் ஒளி தரும். வளைவுகளில் இது இன்றியமையாதது. ஆனால் கண்ணருகே இருப்பதால் நிழல்களை மறைத்து, மேடுபள்ளத்தைத் தட்டையாக்கிவிடும். மூடுபனியில் கண்ணையும் கூசச்செய்யும். கைப்பிடியில் தாழப் பொருத்திய அகலக் கற்றை இக்குறையைத் தீர்க்கும். இரண்டும் சேர்ந்திருப்பதே நல்லது. ஒன்று அணைந்தாலும் மற்றது காக்கும்.

ஜெர்மானியச் சாலை விதிக்கேற்ப மேற்புறம் வெட்டப்பட்ட கற்றை, தாழ்ந்த கிளைகளைக் காட்டாது. எரிநேரத்தையும் கவனிக்க வேண்டும்: கைவிளக்குகளுக்கான எஃப்எல் 1 தரப்படி, ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள நேரமே எரிநேரமாகக் கணக்கிடப்படுகிறது. குளிரில் லித்தியம் மின்கலத்தின் திறனும் குறையும்.