வரியிழந்த துப்பாக்கி

ஜெலாப்பாங்கிலுள்ள தேநீர்க் கடையொன்றில், தமிழ்நாட்டுக்குச் சென்று திரும்பிய பெரியவர் ஒருவர் தம் கைப்பேசியிலிருந்த சில படங்களை நமக்குக் காட்டினார். அங்கே ஒரு காட்சிசாலையில் அவர் கண்ட பழைய துப்பாக்கியின் படங்கள் அவை. அருகிலிருந்த தமிழ்ச் சீட்டு, '1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் சிப்பாய்கள் ஏந்தியது' என்று கூறிற்று. "வெள்ளைக்காரனை எதிர்த்து நம்மவர்கள் பிடித்த துப்பாக்கி, தம்பி! நீங்கள் இங்கிலீஷ் படித்தவர். இரும்பில் வெட்டியிருப்பதைப் படித்துச் சொல்லுங்கள்" என்றார். அவர் முகத்திலிருந்த பெருமிதத்தைக் கெடுக்க நமக்கு மனமில்லை. ஆயினும் உண்மையை மறைத்துப் பெறும் பெருமை எத்தனை நாளைக்கு நிற்கும்?

விசைத்தகட்டில் ஒரு கிரீடமும், 'டவர்' என்ற சொல்லும், 1856 என்ற ஆண்டும் தெளிவாகத் தெரிந்தன. சீட்டை எழுதியவர் இந்த ஆண்டைக் கண்டே முடிவுக்கு வந்திருத்தல் வேண்டும். ஆனால் விசைத்தகட்டின் ஆண்டு விசைத்தகட்டுக்கு மட்டுமே சாட்சியாகும். குழலை மாற்றலாம், மரக்கட்டையை மாற்றலாம், குறி பார்க்கும் தகட்டை மாற்றலாம், வெட்டிய ஆண்டு மட்டும் அப்படியே இருக்கும். ஆகவே பழைய துப்பாக்கியை ஆராய்வோர் எழுத்தைப் படிப்பதோடு நில்லாது, உறுப்புகள் ஒவ்வொன்றையும் தனித்தனியே விசாரித்தல் முறையாகும்.

குழலைக் கட்டையோடு பிணைக்கும் மூன்று வளையங்களும், சுமார் நான்கரை அடி நீளமும் இது 1853ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு ரைபிள் வகையைச் சேர்ந்தது என்பதைக் காட்டின. அந்த ரைபிளின் வாய் 0.577 அங்குலம். குழலின் உட்புறத்தில் மூன்று வரிகள் திருகிச் செல்லும். வெடிவேகத்தில் குண்டு விரிந்து, அவ்வரிகளைப் பற்றிச் சுழன்றுகொண்டே வெளிப்படுவதால், பழைய மஸ்கட்டுகளின் குண்டைவிடப் பன்மடங்கு தூரம் குறி தவறாது பாயும். அத்தூரத்துக்கேற்பக் குறி பார்க்க, ஏணிபோல் நிமிர்த்தும் தகடொன்று குழலின்மேல் உண்டு. கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பற்றிச் சிப்பாய்களிடையே கலக்கம் எழுந்ததும் இந்த ரைபிள் வந்ததனால்தான்.

படத்திலிருந்த துப்பாக்கியிலோ வரி ஒன்றுகூட இல்லை. வாய் அகன்று, குழலின் சுவர் மெலிந்திருந்தது. ஏணித் தகடு இருக்கவேண்டிய இடத்தில் அசையாத சிறு குறிமேடு இருந்தது. ஒருவேளை வேட்டைக்காரர் எவரேனும் சிறு ரவை சுடுவதற்காகக் குழலைக் குடைந்திருப்பாரோ? அப்படி மாற்றுவோர் பெரும்பாலும் குழலையும் முன்கட்டையையும் வெட்டிக் குறுக்கிவிடுவர். இதிலோ முழு நீளமும், முனையில் ஈட்டி மாட்டும் அமைப்பும் குறையாதிருந்தன. ஆதலின் இது படைக்கென்றே மாற்றப்பட்டதாகும்.

மாற்றியவர் யார்? அரசாங்கத்தாரே. 1857 மே 10ல் மீரட்டில் மூண்ட கிளர்ச்சி அடக்கப்பட்ட பின், இந்தியச் சிப்பாய்களிடம் வெள்ளைச் சிப்பாய்களுக்கு நிகரான ஆயுதம் இருத்தலாகாது என்று ஆட்சியாளர் கருதினர். ரைபிள்களின் வரிகளைக் குடைந்தெடுத்து, வாயை 0.656 அங்குலமாக அகற்றிக் கொடுத்தனர். மெலிந்த குழல்கள் புடைத்தன. ஈட்டி மாட்டியபோது வளைந்தன. பின்னர்த் தடித்த குழலோடு, வரியே இல்லாத மஸ்கட்டுகளைப் புதிதாகவே செய்தனர். கிளர்ச்சி செய்தவருள் பெரும்பாலோர் ஏந்தியது என்பீல்டுக்கும் முந்திய 'பிரௌன் பெஸ்' மஸ்கட். படத்திலுள்ளதோ, கிளர்ச்சிக்குப் பின் விதிக்கப்பட்ட தண்டனையின் அடையாளம்.

அத்தண்டனை எதிர்த்தவரோடு நிற்கவில்லை. சென்னைப் படை 1857ல் பெரும்பாலும் கிளர்ச்சியில் சேராதிருந்தது. ஆயினும் இந்தியப் படை வெள்ளைப் படைக்கு ஒரு படி பின்னே நிற்கவேண்டும் என்ற விதி அதையும் விடவில்லை. 1866ல் வெள்ளையர் பின்புறம் தோட்டா இடும் ஸ்னைடர் ரைபிளைப் பெற்ற பிறகே, இந்தியருக்கு வரியுள்ள என்பீல்டு பரவலாகக் கிடைத்தது. 1871ல் அவர்கள் மார்ட்டினி-ஹென்றிக்கு மாறிய பிறகே இவர்களுக்கு ஸ்னைடர். இருபதாம் நூற்றாண்டிலும் வங்காளத்து இஷாப்பூர் ஆலையில் 0.303 லீ-என்பீல்டு ரைபிள்களைக் குடைந்து, 0.410 வாயுள்ள வரியற்ற மஸ்கட்டுகளாக்கினர். பத்துத் தோட்டா கொள்ளும் அறையை மரத்தால் அடைத்து, ஒரு முறைக்கு ஒன்றே சுடும்படி செய்து, காவலர் கையில் தந்தனர்.

ஆயுதம் சேகரிப்போர் இவ்வாறு மாற்றிய துப்பாக்கிக்குக் குறைந்த விலையே கூறுவர். அதன் சரித்திர மதிப்போ பெரிது. தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் நமக்கு இதில் ஆச்சரியமில்லை. செக்ரோல் புத்தகத்தின் சுத்தமான பக்கங்களைத் தணிக்கைக்காரர் விரைந்து புரட்டிச் செல்வார். பேரை அழித்துத் திருத்திய இடத்தில்தான் விரலை வைத்து, 'திருத்தியவர் யார்? இதனால் எவனுடைய நாட்சம்பளம் போயிற்று?' என்று கேட்பார்.

இவ்வளவும் கேட்ட பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் நாம் பெருமைப்பட இதில் ஒன்றுமில்லையா, தம்பி?" என்றார்.

"ஏன் இல்லை, ஐயா? நம்மவருக்குக் கொடுக்கும் ஆயுதத்தைக் கெடுத்துக் கொடுத்தால்தான் நிம்மதியாக உறங்கலாம் என்று ஓர் அரசாங்கம் அஞ்சியிருக்கிறதே! ஆனால் நம் பிள்ளைகளுக்குச் சரியான சீட்டு வேண்டும்" என்றோம்.

காட்சிசாலைக்குக் கடிதம் எழுதுவதென்று அங்கேயே முடிவாயிற்று. எழுதும் வேலை நம்முடையது. முதற் கையொப்பம் அவருடையது.