தொண்டும் ஊதியமும்: இங்கிலாந்துத் தாதியர் வரலாறு

இங்கிலாந்தில் 1948ஆம் ஆண்டுவரை வைத்தியசாலைகள் பல செல்வர்தம் நன்கொடையாலும் மக்களின் சந்தாப்பணத்தாலும் இயங்கிவந்தன. இலண்டன் வைத்தியசாலைகட்கு உதவுதற்பொருட்டு 1897இல் வேல்ஸ் இளவரசர் தனியொரு நிதியமே தொடக்கினார். எனினும், கொடையாளர் பட்டியலில் இடம்பெறாத கொடையாளர் ஒரு சாரார் இருந்தனர். அவர்களே தாதியர். அவர்தம் ஊதியத்திற் குறைக்கப்பட்ட பணமும் அவ்வைத்தியசாலைகளைத் தாங்கிநின்றது.

1860இல் நைற்றிங்கேல் அம்மையாரின் பயிற்சிப் பள்ளி சென். தோமஸ் வைத்தியசாலையில் தோன்றியபின், தாதிமை மதிப்புக்குரிய தொழிலாயிற்று. ஊதியமோ அம்மதிப்புக்கு ஈடாக உயரவில்லை. பயிற்சி பெறுவோரே வாட்டுகளின் வேலையிற் பெரும்பகுதியைச் சுமந்தனர். 'சேவை' என்னும் சொல் குறைந்த கூலிக்கு நியாயமாயிற்று. நிர்வாகிகளை மட்டும் குறைகூறிப் பயனில்லை. ஆண்டுதோறும் இரந்துபெறும் பணத்தைக் கொண்டு நிலையான ஊதியம் வழங்குவது எங்ஙனம்?

இரண்டாம் உலகப்போர்க்காலத்தில் தாதியர் பற்றாக்குறை முற்றியது. 1941இல் நியமிக்கப்பெற்ற றஷ்கிளிவ் குழு, இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் பொதுவான ஊதியத் திட்டத்தை 1943இல் விதந்துரைத்தது. அதனாலெழுந்த மேலதிகச் செலவிற் பாதியை ஏற்க அரசு உடன்பட்டது.

இவ்வுடன்பாடே ஈண்டுக் கருதத்தக்கது. நிதி இன்றேல் அவ்விதப்புரை ஏட்டளவிலேயே நின்றிருக்கும். பொதுப்பணியைத் தொண்டு நிறுவனங்களிடம் ஒப்படைக்கும் சமூகம், அப்பணியாற்றுவோரின் வாழ்வுக்கும் பொறுப்பேற்றல் வேண்டும். அன்றேல் ஓர் ஏழைக்குச் செய்யும் அறம், இன்னோர் ஏழையின் மடியிலிருந்து எடுத்ததாகவே முடியும்.