பெயர் பெயராத கருவிகள்

சித்தூரிலிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில், பாகுதா ஆற்றங்கரையில் அமைந்தது காணிப்பாக்கம். அவ்வூர் வரசித்தி விநாயகர் கோயிலின் தலவரலாறு ஓர் ஏற்றத்தில் தொடங்குகிறது. பார்வையும் பேச்சும் கேள்வியும் ஆளுக்கொன்றாக இழந்த உடன்பிறந்தார் மூவர், கிணற்றில் ஏற்றம் இறைத்துப் பயிர் வளர்த்தனர். நீர் வற்றவே ஒருவர் இறங்கித் தோண்ட, கருவி கல்லிற் பட்டுக் குருதி பெருகிற்று. மூவர் குறையும் நீங்கிற்று. ஊரார் உடைத்த தேங்காய்களின் நீர் ஒரு காணி நிலம் பரந்தது என்பர்.

காணியும் பாக்கமும் நம் சொற்கள்; ஊர்ப்பேச்சோ பெரும்பாலும் தெலுங்கு. ஆயினும் எம்மொழியில் இக்கதையைச் சொன்னாலும் ஏற்றத்திற்குப் பெயர் தேட வேண்டுவதில்லை. தெலுங்கர் 'ஏதம்' என்பர். இந்தி பேசுவோரிடம் 'டேங்குலி' உண்டு. பீகாரில் 'லாட்டா' எனவும் வழங்கும். தேடி அலைந்தவர் ஐரோப்பியரே. கப்பலில் நீரிறைக்கும் பொறியின் நெம்புதடிக்குப் போர்ச்சுக்கீசியர் வைத்திருந்த 'பிகோட்டா' என்னும் பெயர் நம் ஏற்றத்தின் தலையில் ஏறிற்று. சென்னை மாகாணத்து வருவாய் ஏடுகளிலும் அதுவே நிலைத்தது.

வயலை விட்டு அடுக்களைக்கு வருவோம். திருமலைக் கோயிலின் ஆட்சி 1843 முதல் 1933 வரை வடபுலத்து மரபினரான ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் இருந்தது. ஆகவே இந்தி இப்பகுதிக்குப் புதிதன்று. ஆனால் ஓர் அரிவாள்மணையைக் காட்டி அதன் இந்திப் பெயரைக் கேட்டால் பலரும் தயங்குவர். தெலுங்கில் கத்திபீட்ட, கன்னடத்தில் ஈளிகெமணெ, மராத்தியில் விளி, வங்கத்தில் பொட்டி என அண்டை மொழிகளிலெல்லாம் பெயருண்டு. பீகாரிலும் 'பஹசுல்' உண்டு. கையிற் கத்தி பிடித்து நறுக்கும் தில்லி வீட்டாரோ 'காய் அரியும் கருவி' என்று விளக்கித்தான் சொல்வர். குறை மொழியினுடையதன்று, அவ்வீட்டில் அக்கருவி இல்லை, அவ்வளவே. கிரியர்சன் 1885-இல் வெளியிட்ட பீகார் உழவர் வாழ்வு பற்றிய நூலைப் புரட்டினால், வீட்டுக் கருவிகளின் பெயர்கள் வட்டாரந்தோறும் மாறி மாறிக் குவிந்திருக்கக் காணலாம். தெலுங்கில் இவ்வகைத் தொகுப்பைப் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1962-இல் உழவுச் சொற்களிலிருந்து தொடங்கினார்.

பெயரினும் வினை நுட்பமானது. அம்மியில் அரைக்கிறோம், ஆட்டுக்கல்லில் ஆட்டுகிறோம், திரிகையில் திரிக்கிறோம், உரலில் இடிக்கிறோம். (சென்னையார் மாவையும் அரைத்துவிடுவர், அது வேறு வழக்கு.) சித்தூர்த் தெலுங்கரும் இந்நான்கையும் பிரித்தே வைத்துள்ளனர்: நூரு, ருப்பு, விசுரு, தஞ்சு. இந்தியில் சில்-பட்டாவாயினும் சக்கியாயினும் வினை 'பீஸ்னா' ஒன்றே; இடிப்பதற்குக் 'கூட்னா', பருப்பு உடைப்பதற்குத் 'தல்னா' தனியே உண்டு. ஆட்டுக்கல்லுக்கென ஒரு பெயர் அங்கு வழங்கக் காணோம். அரிசியும் உளுந்தும் நாள்தோறும் ஈரமாவாகாத வீட்டில் அக்கல்லுக்கு வேலை என்ன?

நாமும் இதே வழியில் நடந்தவர்களே. வடவர் 'பேலன்' என்று ஒரு சொல்லில் முடிப்பதை நாம் சப்பாத்திக்கட்டை, பூரிக்கட்டை என்கிறோம். அவர்கள் நம் இட்டலித்தட்டை 'இட்லி கா சாஞ்சா', அதாவது இட்டலி அச்சு, என்கிறார்கள். இருவரும் கருவியைப் பலகாரத்தால் அடையாளம் கண்டிருக்கிறோம்.

1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாயிற்று; 1953-இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது; 1960-இல் திருத்தணி நம்மிடம் வந்தது; 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இத்தனை எல்லைக் கோடுகளும் அம்மியைத் தொடவில்லை. அதை அடுக்களையிலிருந்து அகற்றியது மின்சாரம். எனினும் வினைகள் எளிதில் போகவில்லை. கல்லை ஆட்டும் கை ஓய்ந்த பின்னும் 'கிரைண்டரில் மாவு ஆட்டினேன்' என்கிறாள் நம் தாய். மிக்சியில் 'சட்டினி அரைத்தேன்' என்கிறாள். கல் போய்ப் பல ஆண்டுகளாகியும் அதன் வேலைப் பிரிவு அவள் நாவில் இருக்கிறது. வடபுலத்தில் வளரும் நம் பிள்ளைகளுள் பலர், பள்ளியிற் பழகிய 'பீஸ்னா'வை மனத்திற் கொண்டு இரண்டிற்கும் 'அரை' என்று ஒரே சொல்லைச் சொல்லக் கேட்கிறோம்.